பெட்டிக்கும் எடை உண்டு, மச்சான்

பாலக்கரை, திருச்சி.
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து.

அன்பு மச்சான் கலீம் அவர்களுக்கு, உங்கள் அக்கா பஸீலாவின் கணவன் மன்சூர் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே யாவரும் நலம் என்று எழுத வந்தேன். 'யாவரும்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஆகவே நானும் பூனையும் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும். துவரங்குறிச்சியில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

போனில் சொன்ன நல்ல செய்தி எழுத்திலும் இருக்கட்டும். நேற்றுக் காலை ஷார்ஜாவில் நம் மகள் ஸஹ்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். குழந்தை மூன்று கிலோ நூறு கிராம் என்றார்கள். துணியோடு சேர்த்தா, துணியைக் கழித்தா என்று கேட்டேன். உங்கள் அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

வரும் திங்கட்கிழமை நீங்களும் உங்கள் அக்கா போன அதே விமானத்தில் ஷார்ஜா போகிறீர்கள். "லக்கேஜ் விஷயத்தையெல்லாம் ஒரு தாள்ல எழுதி அனுப்புங்க மச்சான்" என்று கேட்டீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனில் அது காலை வணக்க ரோஜாப்பூக்களுக்கு அடியில் புதைந்து போகும் என்பது எனக்குத் தெரியும். அதனால் எழுதி, நம் மண்டியில் மூட்டை தூக்கும் அம்மாசி கையில் நாளைக் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். அரைப் பக்கத்தில் முடித்துவிடத்தான் உத்தேசம்.

விதி என்னவோ சின்னதுதான். உள்ளே போடும் பெட்டி முப்பது கிலோ, கையில் வைத்துக்கொள்வது ஏழு கிலோ. இதைப் புரிந்துகொள்ள ஒரு மனிதனுக்கு எத்தனை நேரம் வேண்டும்? எனக்கு நான்கு நாள் ஆயிற்று, அதிலும் கடைசி நாற்பது நிமிஷத்தில்தான் புரிந்தது. நம் மண்டியில் கணக்கு எழுதும் ஹரிஹரசுதனை உங்களுக்குத் தெரியும், ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காவிரிப் பாலம் தாண்டி வருகிறவர். அவர் விமானக் கம்பெனி விதிகளை நான்கு பக்கம் அச்செடுத்து வந்து, முக்கியமான இடத்திலெல்லாம் பச்சை மையில் கோடு போட்டு எனக்குப் படித்துக் காட்டினார். "பாய், முப்பது கிலோங்கிறது பெட்டியோட சேர்த்துங்க" என்றார். நான் சிரித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். லாரியிலிருந்து இறங்குகிற மூட்டை எதுவானாலும் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பேச்சு. சாக்கையும் சேர்த்து நிறுக்கிறவனுக்கு எங்கள் மார்க்கெட்டில் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள், இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் எழுதவில்லை. "சாக்குல வெங்காயமா விளையுது? அவன் கேக்குறது சரக்கோட எடைய. பெட்டி கழிவுல போயிரும்" என்றேன். "அப்படி எங்கயும் போடலையே பாய்." "எப்படிப் போடுவான்? ஊருக்கே தெரிஞ்ச விஷயத்த எவனாவது அச்சடிப்பானா?" அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். என்னோடு பேசிப் பிரயோசனமில்லை என்று தோன்றினால் அவர் செய்வது அதுதான்.

அவர் சொன்ன மற்றதையெல்லாம் நான் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க்கைப் பெட்டிக்குள் போடக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும். எண்ணெய், தைலம், அத்தர் போன்றவை கைப்பையில் நூறு மில்லிக்கு மேல் ஆகாது. லேகியம் திரவமா இல்லையா என்று கேட்டேன், ஏனென்றால் உங்கள் அக்கா மூன்று நாளாக அடுப்படியை விட்டு நகராமல் சுக்கு, மிளகு, பூண்டு, பனைவெல்லம், நல்லெண்ணெய் எல்லாம் போட்டுப் பிரசவ மருந்து கிண்டிக்கொண்டிருந்தாள். தெருவில் போகிறவர்களெல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் நின்று போனார்கள். "கரண்டிய சாய்ச்சா வழியுதா பாய்? அப்ப அது திரவம்தான். பெட்டியில போட்டுருங்க" என்றார் ஹரிஹரசுதன். அப்படியே பீங்கான் ஜாடியில் நிரப்பிப் பெட்டிக்கென்று ஒதுக்கினோம். ஸஹ்ராவுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளைக்கு ஷிப்ட் வேலை, கூட ஒரு பொம்பளை ஆள் கிடையாது. அந்த மருந்தும் அதைக் கொடுக்கிற கையும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், நம் வீட்டுக்கு அந்த வாரம் அதைவிடப் பெரிய வேலை இருக்கவில்லை.

ஜாடியிலிருந்து எண்ணெய் கசியக் கூடாதே என்று ஹரிஹரசுதனின் மனைவி மணிமேகலை அதற்கு வெள்ளைத் துணியில் உறை தைத்துக் கொடுத்தார். அவருக்கு ஸ்ரீரங்கம் கீழச்சித்திரை வீதியில் தையல் கடை. உங்கள் அக்காவுக்கு ஜாக்கெட் என்றால் பாலக்கரையில் தையற்காரர்களே இல்லாதது போல அங்கேதான் போவாள். ஜாடிக்கும் கழுத்தளவு, இடுப்பளவு எல்லாம் எடுத்து அழகாகத் தைத்திருந்தார். கூடவே, இரண்டு மாதத்துக்கு முன் கல்யாணமாகி ஷார்ஜாவுக்கே போயிருக்கும் தம் மகளுக்கென்று அதே துணியில் தைத்த ஒரு மூட்டையும் கொடுத்தார். உங்களுக்குத் தெரியாததில்லை, நம் பக்கத்தில் ஒருவர் கல்ஃப் போகிறார் என்றால் தெருவே பார்சலோடு வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்வது வழக்கமில்லை. தைத்துக் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது அதைவிட மரியாதைக்கேடு. "பக்கத்து பில்டிங்தானாம் அண்ணே" என்றார் அந்த அம்மா. வாங்கி வைத்துக்கொண்டேன்.

பெட்டி எது தெரியுமா? உங்கள் அத்தா எங்கள் நிக்காஹ்வுக்கு வாங்கிக் கொடுத்தாரே, அந்தப் பச்சைப் பெட்டி. இரும்பு விளிம்பு, பித்தளைப் பூட்டு. காலியாகவே ஐந்து கிலோ. மண்டித் தராசில் ஏற்றினேன், முப்பத்தைந்து. ஐந்தைக் கழித்தேன், முப்பது. ஒரு கிராம் இப்படி அப்படி இல்லை. அம்மாசி பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தவர், "முப்பத்தஞ்சு இருக்கும் முதலாளி" என்றார். "பெட்டியக் கழிச்சுச் சொல்லுய்யா." "தூக்குறப்ப கழிக்க முடியலீங்களே" என்றார். உலகத்து விமானக் கம்பெனிகளின் விதியெல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. எனக்குத்தான் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் விமான நிலையம் போனோம். டிக்கெட் இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை, ஆகையால் நான் வாசலோடு சரி. உங்கள் அக்கா இதுவரை தனியாகச் சமயபுரம் டோல்கேட் தாண்டிப் போனவளில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தபடி கண்ணாடிக் கதவுக்குள் போனாள். அந்தப் பக்கம் பார்க்க மாட்டாமல் நான் பக்கத்தில் நின்ற டாக்ஸிக்காரரோடு வெங்காய விலை பேசினேன். இருபது நிமிஷத்தில் போன் வந்தது. "என்னங்க, அஞ்சு கிலோ ஜாஸ்தியாங்க." எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, பாவம், கவுண்டரில் புதுப் பிள்ளை, கழிக்க மறந்துவிட்டாள் என்று. ஸ்பீக்கரில் போடச் சொல்லி அந்தக் கவுண்டர் பெண்ணிடமே பேசினேன்.

"அம்மா, பெட்டியக் கழிச்சீங்களா?"

"சார்?"

"பெட்டிம்மா, பெட்டி. காலிப் பெட்டி அஞ்சு கிலோ. முப்பத்தஞ்சுல அஞ்சு போனா எவ்வளவு?"

"முப்பது சார்."

"அவ்வளவுதான். சீட்டக் குடுத்து அனுப்பிடுங்க."

"சார், பெட்டியையும் சேர்த்துத்தானே சார் ஃப்ளைட் தூக்கணும்?"

மச்சான், அந்த நிமிஷம் எனக்கு அம்மாசியின் தோள் கண்ணில் தெரிந்தது. இருந்தாலும் விட மனமில்லாமல் இன்னும் இரண்டு வார்த்தை பேசினேன். அதிகப்படி எடைக்குக் கட்டணம் கட்டலாம் என்று தொகையையும் சொன்னாள். கேட்டுக்கொண்டேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று அந்தக் காலத்திலேயே இதைத் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்கள். "கவுண்டர் மூட நாப்பது நிமிஷம்தான் சார் இருக்கு" என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னபோதுதான் வாதத்தை விட்டுவிட்டு, பெட்டியோடு வெளியே வரும்படி உங்கள் அக்காவிடம் சொன்னேன். இந்த விமானத்தை விட்டால் அடுத்த இடம் ஞாயிற்றுக்கிழமைதான் என்று டிக்கெட் போட்டவர் சொல்லியிருந்தார். டாக்டர் கொடுத்த தேதியோ வெள்ளி.

வாசல் காவலர் ஏதோ நோட்டில் எழுதிக்கொண்டு உங்கள் அக்காவையும் பெட்டியையும் வெளியே விட்டார். நடைபாதையில் பெட்டியைத் திறந்து போட்டேன். நம் வீட்டு ரகசியமெல்லாம் புதுக்கோட்டை ரோட்டு வெயிலில் கிடந்தது. முதலில் கையில் தட்டியதே பவர் பேங்க், துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். அதற்குச் சண்டை போட நேரமில்லை, எடுத்து அவள் கைப்பையில் போட்டேன். "எத எடுக்க?" என்றேன். "எத வேணா எடுங்க, மருந்த மட்டும் தொடாதீங்க. மணிமேகலை மூட்டைய எடுத்துருங்க, அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காவலர் கூப்பிட்டதால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் ஓடினாள். நான் வெள்ளை மூட்டையைப் பிடித்து இழுத்தேன். பெட்டி விளிம்பில் மாட்டித் தையல் பிரிந்தது. உள்ளே இரண்டு கொப்பரை, கொஞ்சம் பட்டை, கிராம்பு, ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். பொட்டலமும் கிழிந்து என் வேட்டியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கொட்டியது.

வரிசையில் நின்ற ஒரு தம்பி, ஷார்ஜாவில் எட்டு வருஷமாக எலக்ட்ரீஷியனாம், தன் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தார். "அய்யா, இது கசகசாவாங்க?" "குருமாவுக்குப் போடுறதுதானே தம்பி?" "இங்க குருமாங்க. அங்க இது போதைப் பொருள் கணக்குங்க. இத வச்சிருந்து ஜெயிலுக்குப் போன ஆளுங்க உண்டு. தெரியாமக் கொண்டாந்தேன்னு சொன்னாக் கேக்க மாட்டாங்க. இந்தக் கொப்பரையும் ஆகாதுங்க, எண்ணெய் இருக்குறதால தீப்பிடிக்கும்னு ப்ளேன்லயே ஏத்த மாட்டாங்க" என்றார். அதற்குமேல் எனக்குக் காதில் ஒன்றும் விழவில்லை. கதவுப் பக்கம் உங்கள் அக்கா பாஸ்போர்ட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். பாஷை தெரியாத ஊரில், நிறைமாத மகள் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, இவளை யாரோ ஒரு அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை நினைத்தேன். அந்தத் தம்பிதான் வேட்டியைத் தட்டிவிட்டார்.

பிறகு நான் யோசிக்கவே இல்லை. கொட்டியதையெல்லாம் பொறுக்கி என் மஞ்சள் பையில் போட்டேன். அதற்கு அடியில் இருந்த மற்ற வெள்ளை மூட்டையையும் உருவினேன், அதே துணி, அதே தையல், அதற்குள் என்ன வினை இருக்கிறதோ என்று பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, அதையும் பையில் திணித்தேன். பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். "மருந்து இருக்கா?" என்றாள். "இருக்கு, இருக்கு, அடியில இருக்கு, நீ ஓடு" என்றேன். ஏழு நிமிஷத்தில் மறுபடி போன். "இருபத்தொம்பது புள்ளி ஏழுங்க! பெட்டிய வாங்கிக்கிட்டாங்க!" பார்த்தீர்களா மச்சான், கையால் தூக்கியே ஐந்து கிலோ முந்நூறு கிராமைக் கணக்காக எடுத்திருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் வீண் போகவில்லை.

விமானம் தலைக்கு மேலே ஏறிப் போகிற வரையில் எதிர்த்த டீக்கடையில் நின்றிருந்தேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அழுதேன் என்று எழுத வெட்கமில்லை, டீக்கடைக்காரர் பார்த்துவிட்டார், எப்படியும் பாலக்கரைக்கு வந்து சேரும். என் தப்புக் கணக்கால்தான் பெட்டி திரும்பி வந்தது, திரும்பி வந்ததால்தான் கசகசா அகப்பட்டது. சரியாக நிறுத்து அனுப்பியிருந்தால் என் பஸீலா அதைச் சுமந்துகொண்டு நேராகப் போய் இறங்கியிருப்பாள். அன்று சாயங்காலம் பத்திரமாய்ச் சேர்ந்தாள். புதன்கிழமை ஸஹ்ராவுக்கு வலி எடுத்து, இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள், பெட்டியைத் திறக்கக்கூட நேரமில்லை. டாக்டர் கொடுத்த தேதியைக் குழந்தை மதிக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைதானே.

புதன்கிழமை மண்டியில் ஹரிஹரசுதனிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாலு பக்கம் படிச்சேனே பாய், நம்ம வீட்டு மூட்டையப் பாக்கலையே" என்றார். மத்தியானம் மணிமேகலை அம்மா போன் செய்து ஒரே அழுகை. "பொண்ணு முதமுதலா குருமா வெக்கப் போறான்னு நாலு ஸ்பூன் போட்டேன் அண்ணே. அக்காவுக்கு ஒண்ணுன்னா நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு இருப்பேன்?" இனி மூட்டையை அவர்கள் கண்ணில் காட்டவே கூடாதாம். அதனால் மஞ்சள் பை அப்படியே நம் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இருவர் மேலும் எனக்குக் கோபமில்லை. பட்டையும் கிராம்பும் போல அதுவும் ஒரு சாமான் என்றுதான் நினைத்திருப்பார்கள், நானும் அப்படித்தானே நினைத்தேன்.

ஆகவே மச்சான், கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பெட்டியைப் பெட்டியோடு நிறுங்கள். யார் என்ன சொன்னாலும் கழிக்காதீர்கள், நான் சொன்னாலும் கழிக்காதீர்கள். கம்பெனி விதி வேறு, இறங்குகிற ஊரின் சட்டம் வேறு, இரண்டையும் படியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெட்டியில் உங்கள் பொருள் மட்டும்தான் இருக்க வேண்டும். கூடப் பிறந்தவனே தைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும், "இடமில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்ல ஒரு நாள் வெட்கம், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் துக்கம்.

வீட்டில் அனைவருக்கும் என் ஸலாம், பிள்ளைகளுக்கு என் முத்தம். உங்கள் பயணத்தை அல்லாஹ் இலேசாக்கி வைப்பானாக, பெட்டியையும்கூட. குழந்தையைப் பார்த்ததும் காதருகில் அம்மாவைப் பெற்ற நன்னா ஸலாம் சொன்னதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
இனி எதையும் கழிக்காத உங்கள் மச்சான்
மன்சூர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் அக்கா கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இப்போதுதான் பெட்டியைத் திறந்தாளாம். "மருந்து ஜாடி எங்கங்க?" என்றாள். "அடியில பாரு." "அடியிலயும் பாத்துட்டேன், பெட்டியத் தலைகீழாக் கவுத்தும் பாத்துட்டேன்." நான் மெல்ல எழுந்து ஆணியில் தொங்கும் மஞ்சள் பையில் மூக்கை வைத்தேன். சுக்கும் பூண்டும் மணத்தது. அதற்குப் பிறகு அவள் பேசியதை எழுத இந்தத் தாளில் இடமில்லை. ஆகவே மேலே பிறர் பொருளைப் பற்றி எழுதியதை மட்டும் தயவுசெய்து அடித்துவிடவும். அம்மாசி இந்தக் கடிதத்தோடு உங்கள் எதிரில் ஒரு வெள்ளை மூட்டையையும் வைத்திருப்பார், அவர் முன்னால் "இடமில்லை" என்று சொல்லிவிட வேண்டாம். ஊருக்குத்தான் உபதேசமா என்று சிரிக்கவும் வேண்டாம், தவிக்கிறது உங்கள் அக்கா மகள். கசகசா சேர்க்கவில்லை என்று உங்கள் அக்காவிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். உறையைப் பிரித்துப் பார்த்து, பையில் கொட்டிக் கிடந்த கசகசா ஒன்றுகூட ஒட்டாமல் உதறிவிட்டு நானே திரும்பத் தைத்தேன், கோணலுக்கு அதுதான் காரணம். எடையைப் பற்றியும் கவலைப்படாதீர்கள், மண்டித் தராசிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன். வெறும் இரண்டரைக் கிலோதான், ஜாடியைக் கழித்து.